பிரேக்கிலிருந்து கால் எடுத்த வருஷம்

1

திருவண்ணாமலைக்காரர்களே, ஒரே ஒரு கேள்வி: உங்களில் எத்தனை பேர் மலைச் சரிவில் கார் ஓட்டி இறங்கியிருக்கிறீர்கள்?

ஜவ்வாது மலை டூர் போனவர்கள் கையைக் கீழே இறக்குங்கள். அது வேன். ஓட்டியது வேறு ஒருத்தர். நீங்கள் பின்சீட்டில் கேரி பேக்கை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் கேட்பது ஸ்டீயரிங் பிடித்தவர்களை.

தெரியும், ரொம்பப் பேர் இருக்க மாட்டீர்கள். மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் நமக்குப் பின்னால் மலை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் மலை. எந்தத் தெருவில் செல்ஃபி எடுத்தாலும் தலைக்குப் பின்னால் மலை. ஆனால் அதில் யாரும் வண்டி ஏற்றுவதில்லை. அது சுற்றுவதற்கான மலை. பதினான்கு கிலோமீட்டர் தார் ரோடு, கோலிக்குண்டை வைத்தால் உருண்டு போகாத சமதளம். மலையடிவாரத்திலேயே பிறந்து, அங்கேயே லைசென்ஸும் வாங்கி, ஒரு சரிவைக்கூட ஓட்டிப் பார்க்காத ஆட்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்கான வீடியோ இன்டர்வியூவில் மேனேஜர் கேட்டார்: "எங்கள் ஏரியா மலைப்பிரதேசம். வாடிக்கையாளர் இடங்களுக்குக் கார் ஓட்டிப் போக வேண்டும். பழக்கம் உண்டா?"

நான் கெத்தாகச் சொன்னேன்: "நானே மலை ஊர்தான்."

அவர் என் பெயரைப் பார்த்தார். கார்த்திகா ஏழுமலை. "ஏழுமலை என்றால் என்ன?"

"ஏழு மலைகள்."

மனிதர் சந்தோஷமாக எதையோ குறித்துக்கொண்டார். ஏழுமலை எங்கள் அப்பா பெயர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் அவருக்கு. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு வருஷம் அனுபவித்தேன்.

சுவிட்சர்லாந்துக்கு வந்து இன்றோடு அந்த ஒரு வருஷம் முடிகிறது.

2

கம்பெனி சின்னது. சீஸ் கட்டிகளை வெட்டி பேக் செய்யும் மெஷின் தயாரிக்கிறார்கள். மெஷின்கள் மலைமேல் இருக்கும் பால் பண்ணைகளில் நிற்கின்றன, அவை மக்கர் பண்ணினால் நான் போக வேண்டும். பஸ் போகாத இடங்கள். அதனால் கார் ஓட்டத் தெரிவது என் வேலையில் பாதி.

வந்த முதல் வாரமே லெட்டர் வந்தது. இந்த நாட்டில் எல்லாமே லெட்டர்தான், குப்பை எந்தக் கிழமை போடலாம் என்பது உட்பட. இந்திய லைசென்ஸ் இங்கே ஒரு வருஷம் செல்லும். அதற்குள் ஒரு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்ப்பார். சரியென்றால் உள்ளூர் லைசென்ஸ். சரியில்லை என்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இந்திய லைசென்ஸ் அன்றோடு செல்லாது, எல்-போர்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

என் ஒப்பந்தமும் ஒரு வருஷத்துக்குத்தான். லைசென்ஸ் இல்லையென்றால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை, விசா இல்லையென்றால் ஏர்போர்ட். இதை மேனேஜர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார், காபி வாங்கிக் கொடுத்துவிட்டு.

விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில் கவுன்ட்டர் அம்மா என் லைசென்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கே எஸ், டி, டபிள்யூ ஆஃப் என்று போட்டிருக்கிறதே, அது என்ன?"

"மகன், மகள், மனைவி. மூன்றில் ஒன்று. நான் மகள்."

"யாருடைய மகள்?"

"ஏழுமலையுடைய மகள்."

அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். "ஆனால் ஏழுமலை நீங்கள்தானே?"

நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்கிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் "அப்படியானால் உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர்?" என்றார். "கோவிந்தன்," என்றேன். "ஆக ஒரே குடும்பம், ஆனால் யாருக்கும் ஒரே பெயர் இல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முத்திரை குத்தினார். நானே எனக்கு மகளாக இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பேன்.

3

முதல் மாதம் லூக்காஸோடு மலைமேல் ஒரு பண்ணைக்குப் போனேன். லூக்காஸ் என்கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பையன். என்னை ஏழுமலை என்றுதான் கூப்பிடுவான். அவன் பேசும் ஜெர்மனை அப்படியே எழுதினால் எனக்கே புரியாது, அதனால் நம்ம ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

ஏறும்போது பிரச்சனை இல்லை. வேலை முடித்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவு மாற்றி வளைவு. நான்காவது கியர், கால் பிரேக்கிலேயே. பத்து நிமிஷம் ஆகியிருக்கும், லூக்காஸ் மூக்கை உறிஞ்சினான்.

"ஏழுமலை, ஏதோ கருகற மாதிரி இல்ல?"

"பக்கத்துல எங்கயாவது குப்ப கொளுத்துவாங்க," என்றேன். அனிச்சையாக வந்த பதில்.

"இந்த நாட்டுல யாரும் எதையும் கொளுத்த மாட்டாங்க. ஓரங்கட்டு."

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பெடல் ஏற்கெனவே மெத்தையை மிதிப்பது போல் ஆகியிருந்தது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மலை ஊர்க்காரின்னு சொன்ன?"

"மலை ஊர்தான். ஆனா நாங்க அது மேல ஓட்ட மாட்டோம். சுத்தி நடப்போம்."

"எதுக்கு?"

"சாமி."

"மலைதான் சாமியா?"

"ஆமா."

"எங்க ஊர்ல மலை ஒண்ணுன்னா ஏறுவோம். இல்லன்னா பனி சறுக்கி விழுவோம். உங்க ஊர் ஆளுங்களுக்குத்தான் மரியாத தெரியுது," என்றான். கிண்டல் செய்கிறானா, நிஜமாகத்தான் சொல்கிறானா என்று அவன் முகத்தில் என்றைக்குமே தெரியாது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். அறுபது பேர் வகுப்பில் நாலே பெண்கள், அதில் ஒருத்தி. இன்ஜின் பிரேக்கிங் பற்றிப் பரீட்சையில் பதினாறு மார்க் கேள்விக்குப் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் சும்மா சுழலாது, இழுத்துப் பிடிக்கும். கியர் எவ்வளவு கீழேயோ பிடி அவ்வளவு இறுக்கம். சரிவில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகி, தேய்ந்து, ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். எல்லாம் தெரியும். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காலைக் குறை சொல்லவும் முடியாது. நம்ம ஊரில் ஓட்டிப் பழகியவள் நான். சந்திலிருந்து எப்போது ஷேர் ஆட்டோ வரும், எப்போது ஆடு வரும், எப்போது வாடகை ஸ்கூட்டரில் செருப்பில்லாமல் ஒரு வெள்ளைக்காரர் வருவார் என்று யாருக்கும் தெரியாது. வலது கால் பிரேக்கிலேயே குடியிருக்கும், கட்டைவிரல் ஹாரனில் குடியிருக்கும். அதுதான் அங்கே ஜாக்கிரதை. அதே ஜாக்கிரதை இங்கே புகை கக்குகிறது.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் லூக்காஸ் என்னை ஒரு சரிவுக்குக் கூட்டிப் போனான். கட்டணம், நான் செய்யும் லெமன் சாதம். வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவித்தான் தருவான்.

4

இதே சமயத்தில் எங்கள் அம்மாவும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அம்மா பெயர் செல்வி. திண்டிவனம் ரோட்டில் கீழ்பென்னாத்தூர் பக்கம் அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீட்டில் இருக்கும் பழைய காரை வாங்கியது அவள்தான், ஆனால் ஓட்டியது நான் மட்டும்தான். நான் கிளம்பிய பிறகு அது உறை போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. அப்பா அதை விற்றுவிடலாம் என்றார். அம்மா மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"எப்டிம்மா போவுது கிளாஸ்?"

"மாஸ்டர் பக்கத்துலயும் ஒரு பிரேக் வச்சிக்கிறார்டி. நான் போடறதுக்குள்ள அவரே போட்டுடறார். வண்டி நிக்குது. நான் நிறுத்தினனா அவர் நிறுத்தினாரான்னே தெரில."

"கால எப்பவும் பிரேக் மேலயே வச்சிக்காதம்மா. நானே அதுலதான் மாட்டிக்கினு கீறேன். ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்துட்டு சும்மா இரு. வேகம் தானா கொறயும்."

"சும்மா இருந்தா இடிச்சிடும்."

"இடிக்காது. கியர்ல இருந்தா இன்ஜினே இழுத்துப் புடிக்கும்."

"இன்ஜினுக்கு இன்னாடி நம்ம மேல அவ்ளோ அக்கற?"

லைசென்ஸ் வாங்கிய பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை, ஃபோனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து வீடியோ காலில் ஓட்டிக் காட்டினாள். அவினாசி ரோடு இல்லை, மெரினா பீச் ரோடு இல்லை, எங்கள் தெருதான். இருந்தாலும் முகம் அப்படி ஜொலித்தது.

"அப்பா எங்க?"

"பின்னாடி குந்திக்கினு கீறார்."

"இன்னா பண்றார்?"

"கண்ண மூடிக்கினு கீறார். ஏங்க, பொண்ணு லைன்ல, கண்ணத் தொறங்க."

"வண்டி நின்ன பிற்பாடு தொறக்கறேன்," என்று குரல் மட்டும் வந்தது.

கொஞ்ச நாளில் டியூட்டிக்கே அந்தக் காரில் போய்வர ஆரம்பித்தாள். இதெல்லாம் ஜாலியான பகுதி. ஜாலியில்லாத பகுதியும் உண்டு, அதை எழுதத்தான் இந்தக் குறிப்பே.

வந்த புதிதில் தினமும் பேசினேன். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். யாரும் முடிவெடுத்து நடந்தது இல்லை. வேலை, ஜெர்மன் கிளாஸ், சனிக்கிழமை சரிவு. பேசும்போதும் என் வாய் மாறிவிட்டது. அவள் ஏதாவது சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி "யா, யா" என்பேன். "இன்னாடி யா யா-ங்கற, நான் இன்னா உங்கூட படிச்ச பொண்ணா?" என்று ஒரு தரம் சிரித்தாள். இரண்டாம் தரம் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதும் கட்டுரைகளில் எல்லாம் பிள்ளைகள் தமிழ் பேசவில்லை, நம்மை விட்டு விலகுகிறார்கள் என்று ஒரு பத்தி வரும். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பத்தியில் வரும் பிள்ளை நான்தான்.

5

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, ஒரு குறுகிய பண்ணைச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவு திரும்பினால் ரோடு முழுக்க மாடுகள். முப்பது இருக்கும். கழுத்தில் குடம் அளவு மணி, கொம்புகளுக்கு நடுவே பூச்செண்டு. வெயில் காலம் பூரா மலைமேல் மேய்ந்துவிட்டு, குளிருக்கு முன்னால் அலங்காரத்தோடு கீழே இறங்கி வருமாம். பார்க்க நம்ம மாட்டுப் பொங்கல்தான், மஞ்சத்தண்ணி மட்டும் இல்லை.

என் கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது. லூக்காஸ் டக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நாலு மாசம் வேல பார்த்துட்டு வீட்டுக்கு வருதுங்க. அதுங்களப் பார்த்து ஹாரன் அடிப்பியா?"

அடிக்கவில்லை. பிரேக், கிளட்ச், பிரேக், கிளட்ச் என்று தடுமாறி இறங்கினேன். வண்டி விக்கியது.

"ஃபர்ஸ்ட் கியர் போடு. ரெண்டு காலையும் எடுத்துடு."

"இவ்ளோ சரிவுலயா?"

"எடு."

எடுத்தேன். இன்ஜின் ஒரு உறுமல் உறுமிவிட்டு நிதானத்துக்கு வந்தது. வண்டி நடக்கும் வேகத்தில், கடைசி மாட்டின் வாலுக்கு ரெண்டு ஆள் தூரத்தில், தானாக வந்தது. நான் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இதை நான் நூறு தடவை செய்திருக்கிறேன். பௌர்ணமிக்கு முந்தின நாளே நம்ம கிரிவல ரோட்டில் ஜனம் நடக்க ஆரம்பித்துவிடும். அடி அண்ணாமலையில் இருக்கும் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஃபர்ஸ்ட் கியரில், எந்தப் பெடலையும் தொடாமல், நடப்பவர்கள் வேகத்துக்கே போவேன். அது சமதளம், இது சரிவு. மற்றபடி இன்ஜின் செய்யும் வேலை ஒன்றுதான். பேர் தெரியாமல் பாதி வித்தையை ஊரிலேயே கற்று வைத்திருக்கிறேன்.

"சிரிக்கற?" என்றான் லூக்காஸ்.

"எங்க ஊர்ல மாட்டுக்குப் பதிலா மனுஷங்க," என்றேன். விளக்கம் கேட்கவில்லை.

மாடுகள் பிரிந்து போன பிறகு பெரிய ரோட்டில் ஏறினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவதிலிருந்து இரண்டாவது, பிரேக்கைத் தொடாமல் வளைவுக்கு வேகத்தைக் குறைத்தேன். பின்னால் டயர் கிறீச்சிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கார் என் முதுகில் ஏறாத குறையாக நின்றுகொண்டிருந்தது, ஓட்டியவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"நான் சரியாத்தான குறைச்சேன்?"

"சரியாத்தான் குறைச்ச. ஆனா நீ குறைக்கறது உனக்கு மட்டும்தான் தெரியும். இன்ஜின்ல குறைச்சா பின்னாடி சிவப்பு லைட் எரியாது. பின்னாடி வர்றவன் நீ அதே வேகத்துல போறதா நினைச்சிக்கினு வருவான். பெடல லேசா ஒரு தொடு தொடு. நிறுத்தறதுக்கு இல்ல. சொல்றதுக்கு."

அவன் அதற்கு அப்புறம் சீஸ் பற்றி ஏதோ பேசினான். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் அம்மாவிடம் ஒரு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். சண்டை போட்டு நிறுத்தியிருந்தால்கூட அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் சத்தமில்லாமல் கியரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அவள் பழைய வேகத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியான சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் பண்ணினேன். ஒரே ரிங்கில் எடுத்தாள்.

"இன்னாடி ஆச்சு? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான்."

"புதங்கிழமைல பண்ற?"

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. கேன்டீனில் ஆட்கள் இருந்தார்கள், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். கழுவுகிற சாக்கில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு வாய்ப்புதான் என்பதை அதுவரை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதையும்.

"ஓ," என்றாள். அவ்வளவுதான்.

6

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பௌர்ணமி. அம்மா மாசம் தவறாமல் கிரிவலம் போவாள். வெயில் இறங்கியதும் கிளம்பிவிடுவாள், ஒன்பது மணிக்குள் வீடு. அங்கே ஆறரை என்றால் இங்கே மூன்று. நான் ஒரு பண்ணையில் மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவளே கூப்பிட்டாள். காதில் நூறு பேர் பேச்சு, பொரி விற்கிறவன் சத்தம், ஒலிபெருக்கியில் காணாமல் போன யாரையோ தேடும் அறிவிப்பு.

"எங்கம்மா கீற?"

"அடி அண்ணாமலை தாண்டிட்டேன். கால் வலிக்குது. டீ குடிக்கறேன்."

"எனக்கு வேண்டிக்கிட்டியா?"

டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"பாஸாகணும்னு வேண்டினியா, ஃபெயிலாகணும்னு வேண்டினியா?" என்று கலாய்த்தேன். கலாய்த்த பிறகுதான் அது கலாய்க்கிற விஷயமில்லை என்று தெரிந்தது.

"எதுவும் வேண்டிக்கல," என்றாள்.

"சும்மாவா பதினாலு கிலோமீட்டர் நடக்கற?"

"பாஸாகணும்னு சொல்லலாம்னுதான் கோயிலாண்ட நின்னேன். வாய் வர்ல. ஃபெயிலாகணும்னு சொல்ல நான் இன்னா அப்டியாப்பட்டவளா? அதான் எதுவும் சொல்லாமயே நடக்கறேன். அவருக்குத் தெரியாதா."

தூரத்தில் ஒரு டிராக்டர் ஏறிக்கொண்டிருந்தது.

"பாஸானா அங்கியே இருந்துடுவ, இல்ல?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் வழவழ பதில்கள் ஸ்டாக் இருந்தன. பார்க்கலாம்மா. இன்னும் ரெண்டு வருஷம். மேனேஜர் என்ன சொல்றார்னு தெரியல. எல்லாமே நாக்கு நுனியில் வந்து நின்றது.

"இருப்பேம்மா," என்றேன். "எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. இந்த ஊரும் புடிச்சிருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ வருவேன். ஆனா இங்கதான் இருப்பேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், காரில் அப்பா மாதிரி.

அந்தப் பக்கம் ஜனம் நடக்கும் சத்தம். யாரோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது. அம்மா டீ டம்ளரைத் திருப்பிக் கொடுத்ததும், கடைக்காரரிடம் "சக்கர ஜாஸ்தி போட்டுட்டீங்க" என்று சொன்னதும் கேட்டது.

"செரி," என்றாள் அப்புறம். "சொல்லிட்ட இல்ல. செரி."

"கோவமாம்மா?"

"கோவம் இன்னா கோவம். இத்தினி நாளா எப்ப வருவ எப்ப வருவன்னு உள்ளுக்குள்ளயே கேட்டுக்கினே இருந்தேன். உன் ரூம்ல ஒரு சாமான நகத்தல. இனிமே அந்தக் கட்டில்ல துணிய மடிச்சி வெக்கலாம்."

ரெண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடியும்போது அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. சளி என்றாள். நர்ஸ் சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

"நல்லா ஓட்டுடி," என்றாள் ஃபோனை வைக்கும் முன்னால். "மாடு கீடு வந்தா பாத்து."

7

இன்று காலை பத்து மணிக்கு டெஸ்ட்.

அதிகாரி ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சீட் பெல்ட் போட்டார். நான் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்தது இல்லை.

"கண்ணில் ஏதாவது தொந்தரவா?" என்றார் உடனே. பேனா தயாராக இருந்தது.

"இல்லை. வணக்கம் சொன்னேன்."

"யாருக்கு?"

"வண்டிக்கு."

பேனா ஒரு நொடி காற்றில் நின்றது. எதுவும் எழுதாமல் இறங்கியது. "கிளம்பலாம்," என்றார்.

ஊருக்குள் பத்து நிமிஷம். ரவுண்டானா, பள்ளிக்கூடம், ஜீப்ரா கிராசிங்கில் ஒரு தாத்தா. இந்த ஊரில் யாராவது ரோடு ஓரம் நின்று யோசித்தாலே வண்டி நிற்க வேண்டும். நின்றேன். பிறகு மலைமேல் ஏறச் சொன்னார். ஏறினேன். உச்சியில் ஒரு தேவாலயத்துப் பக்கம் வண்டியைத் திருப்பி, "இப்போது இறங்குங்கள்," என்றார்.

என் வலது கால் இருக்கிறதே, அது ஒரு தனி ஜென்மம். முதல் வளைவைப் பார்த்ததுமே பிரேக்குக்கு ஓடியது. திரும்ப இழுத்து வைத்தேன். மூன்றாவது கியர். இன்ஜின் முனகியது. இரண்டாவது. உறுமியது. வண்டியின் முன்பாகம் லேசாகக் குனிந்து, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வேகம் இறங்கியது. அந்த அம்மா ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது வளைவுக்கு முன்னால் கண்ணாடியில் ஒரு பைக். ரொம்பக் கிட்டே. நான் ஏற்கெனவே வேகம் குறைத்தாகிவிட்டது, பிரேக் தேவையே இல்லை. கால் கட்டைவிரலால் பெடலை ஒரு தொடு தொட்டேன். பைக் பின்வாங்கியது. அந்த அம்மா இப்போது பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை, பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஏதோ எழுதினார்.

கீழே வந்து வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டேன். அவர் ஃபைலை மூடவில்லை.

"உங்கள் இடது கட்டைவிரல் முழு நேரமும் ஹாரன் மேல் இருந்தது," என்றார்.

செத்தேன் என்று நினைத்தேன்.

"ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஆனால் எடுக்கவும் இல்லை. இந்த நாட்டில் அது தேவைப்படாது. கையை ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள்." பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். "மலை இறக்கம் நன்றாக இருந்தது. எங்கே பழகினீர்கள்?"

"மாடுகளுக்குப் பின்னால்," என்றேன்.

என் ஜெர்மன் தப்பாக வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பாஸ். பேப்பர் என் கையில் இருக்கிறது. மேனேஜருக்கு மெசேஜ் போட்டாகிவிட்டது, புது ஒப்பந்தம் திங்கட்கிழமை ரெடியாக இருக்கும் என்று பதில் வந்துவிட்டது. லூக்காஸ் ஒரு மாட்டுப் படம் மட்டும் அனுப்பினான்.

அவர்களுக்கெல்லாம் முன்னால் அம்மாவுக்குத்தான் அடித்தேன். முழு ரிங் போய்க் கட்டானது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அப்பா கடையில் கூட்டம் போல, அவரும் எடுக்கவில்லை. பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த ரிங் சத்தத்துக்கு நடுவில்தான் இதை டைப் அடிக்கிறேன்.

இங்கே மணி பதினொன்று, அங்கே இரண்டரை. டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். அம்மா திண்டிவனம் ரோட்டில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.